கெலமங்கலம் வளைவு

சைக்கிள் பந்தயம் தனியாள் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். முன்னால் போகிறவள் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டால், அவள் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம். என் மகள் ஃபெபாவும், ஓசூரில் ரோஜாப்பூ வியாபாரம் செய்யும் ரசூல் பாயின் மகள் தஸ்லிமும் அப்படித்தான் முறை மாற்றி ஓட்டிப் பழகினார்கள். உள்ளதைச் சொன்னால், அதிகம் முன்னால் போனவள் தஸ்லிம்தான். என் மகளின் மெடல்களில் பாதி அவள் முதுகுக்குப் பின்னால் கிடைத்தவை.

மாநில அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கான பந்தயம் கெலமங்கலம் ரோட்டில் நடந்தது. கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய்க் கடைசி வளைவில் நின்றேன். மற்றவர்களை விட்டுப் பிரிந்து இவர்கள் இருவர் மட்டும் வந்தார்கள், தஸ்லிம் முன்னால். ஏதோ டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட் அங்கே கிடந்தது. சக்கரம் வழுக்கி அவள் விழுந்தாள். ஃபெபா எப்படியோ ஒதுங்கித் தப்பினாள். கொஞ்சம் தள்ளிப் போய்த் தலையைத் திருப்பினாள். எழ முடியாமல் தஸ்லிம் புரண்டதைப் பார்த்தாள். பிறகு குனிந்து மிதித்தாள், அப்படி ஒரு மிதி.

நான் ஓடிப்போய்த் தஸ்லிமைத் தூக்கி மடியில் கிடத்தினேன். மைக்கில் என் மகள் பெயரைச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்திலும் சந்தோஷப்படுகிற என்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்காலம் ஃபெபா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மெடலைப் பைக்குள் ஒளித்திருந்தாள். ரசூல் பாய் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். “நல்லா ஓட்டுனம்மா,” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தோள்பட்டையில் கட்டோடு கிடந்த தஸ்லிம் கேட்டாள்: “நான் எந்திரிச்சிருப்பேன்னு நெனச்சிருப்ப. எந்திரிக்க முடியாம கெடந்தத நீ பாக்கலதானே?”

‘பாக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஜெபம்கூடப் பண்ணினேன், ஒரு பொய்க்காக.

“பாத்தேன்டி,” என்றாள் ஃபெபா. “பாத்துட்டுத்தான் போனேன்.”

ரசூல் பாய் மெதுவாக வெளியே போனார். தஸ்லிம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அப்ப இனிமே யாருக்காகவும் நிக்காதடி.”

ஃபெபா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தஸ்லிம் திரும்பவே இல்லை.