மல்லூர் மேட்டில் விறகு

மல்லூர் மேட்டில் பஸ் நின்றபோது, மயில்சாமி தன் தங்கை உண்ணாமலையின் தலையை மடியில் தாங்கியிருந்தான். நிறைமாத வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள் என்று ராசிபுரத்து மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் கரி எரித்து கேஸ் எடுக்கும் இரும்பு உருளையைப் போன வாரந்தான் பொருத்தியிருந்தார்கள். டிரைவர் உசேன் மூடியைத் திறந்தார். கரி தீர்ந்திருந்தது. கூரைமேல் இருந்த கரி மூட்டை மழையில் ஊறிக் கிடந்தது.

"வெயில்ல பரப்புனா மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்," என்றார்.

"அதுவரைக்கும் புள்ள தாங்குமாங்க?" என்றாள் பஸ்ஸில் வந்த மோர்க்காரி. "காட்டுல வெறகு கெடக்குதே. அடுப்புக்கு ஆவுறது இதுக்கு ஆவாதா?"

உசேன் தயங்கினார். "தம்பி, நீ சாயங்காலத்துல இங்கிலீசு படிக்கறவனாச்சே. போடலாமா?"

மயில்சாமிக்குத் தெரிந்தது ஒன்றுதான். 'ஃப்யூயல்' என்றால், எரிந்து சூடோ விசையோ தருவது எல்லாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். விறகு, கரி, வறட்டி, பெட்ரோல். ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார். எழுதியதையே நாலு தரம் சரிபார்த்தும் சந்தேகப்படுகிறவன் அவன்.

"அண்ணா, சேலம் வந்துருச்சா?" என்றாள் உண்ணாமலை.

"வெறகும் கரியும் ஒண்ணுதானுங்க பாய். போடுங்க," என்றான் மயில்சாமி.

எல்லோரும் ஓடிச் சுள்ளி பொறுக்கினார்கள். புகை வந்தது, எஞ்சின் உறுமியது. "அட, படிச்ச சாமி!" என்று மோர்க்காரி சிரித்தாள். மேட்டைத் தாண்டியதும் பஸ் இருமி இருமி நின்றது. உசேன் குழாயைக் கழற்றினார். கரியில் வராத விறகுப் பிசின், தார்போல் கறுத்து உள்ளே அடைத்திருந்தது. எஞ்சினுக்குள்ளும் போயிருந்தது.

"இனி காஞ்ச கரி போட்டாலும் ஓடாது தம்பி," என்றார் மெல்ல.

ஒரு மாட்டுவண்டி கிடைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. சீலநாயக்கன்பட்டி வருமுன் உண்ணாமலையின் விரல்கள் அவன் கையிலிருந்து தளர்ந்தன.

காரியம் முடிந்து வகுப்புக்குப் போனான். வாத்தியாருக்கு எதுவும் தெரியாது. விறகு வாக்கியத்தைப் படிக்கச் சொன்னார். எழுந்து படித்தான். விறகு ஒரு ஃப்யூயல்.

"சரி. உக்காரு."

மயில்சாமி உட்காரவில்லை.

"எதுக்கு ஃப்யூயல்னு எழுதலீங்களே ஐயா," என்றான்.

"அதெல்லாம் வேண்டியதில்லை. வாக்கியம் சரிதான்," என்று சொல்லிவிட்டு, வாத்தியார் அடுத்தவனைக் கூப்பிட்டார்.