கண்ணாத்தாள் பேரில் ஒரு கார்

மல்லசமுத்திரம் முருகானந்தத்துக்கு ரிக் வண்டிகள் மூன்று. ஒடிசா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்றுமே அவர் மனைவி கண்ணாத்தாள் பேரில்தான் பதிவாகியிருக்கின்றன. அவள் ராசிக்கு இரும்பு கூடிவரும் என்று ஜோசியர் எப்போதோ சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குச் சக்கரம் வைத்த எது வந்தாலும் அவள் பேரில்தான் வரும். அவள் கையெழுத்துப் போடுவாள், டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பாள், பூசணிக்காய் சுற்றி உடைப்பாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. ரிக் டிரைவர்கள் அவளை ‘ஓனரம்மா’ என்று கூப்பிடும்போது அவளுக்கே சிரிப்பு வரும். சொந்த வண்டியில் முன்சீட்டில்கூட உட்கார்ந்து பழகாத ஓனர் வேறு யார் இருக்க முடியும்?

போன தை மாதம் ஒரு கறுப்புக் கார் வந்தது. தொட்டால் உறுமும், மிதித்தால் பறக்கும் ரகம். முருகானந்தம் வண்டி விஷயத்தில் கறாரான ஆள். வருஷக்கணக்காக ஹெல்பராக இருந்து கிரீஸில் குளித்து எழாத எவனையும் ரிக் லாரியின் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர், பிளஸ் டூ படிக்கிற பதினேழு வயது மகன் இளஞ்செழியனிடம் கார் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, “என்ற பையன் வளைவுல திருப்பறதப் பாக்கோணுமே! நம்ம ரிக் டிரைவர் சின்னண்ணனே தோத்துப் போவானாக்கும்” என்று டீக்கடையில் பெருமையடித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் இந்தக் காக்கை, குஞ்சுக்கு இறகு முளைக்கும் முன்னே முதுகில் ஜெட் எஞ்சினைக் கட்டிவிட்டது.

கண்ணாத்தாள் மட்டும் என்ன ஒழுங்கா? மகன் காரின் கூரைக் கண்ணாடியைத் திறந்துவிட்டு நாலுவழிச் சாலையில் பறக்கிற ரீல்ஸை அக்கா வீடு, தங்கை வீடு என்று எல்லாருக்கும் அனுப்பி வைத்தவள் அவள்தான். “மெதுவாப் போ கண்ணு” என்று சொல்வாள். சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கும் சாவியையும் எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோழிக்குழம்புக்கு அவள் மசால் அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில், வளைவிலிருந்த இளநீர்க் கடைக்குள் கார் புகுந்துவிட்டதாம். தம்பிக்கு ஒன்றுமில்லையாம். மசால் கையைக் கழுவாமலே கணவரின் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

அங்கே ரோடு முழுக்க இளநீர் உருண்டு கிடந்தது. ஒரு பஸ் நின்றுபோய், கண்டக்டர் இறங்கிக் காய்களை ஓரமாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பயணிகளில் இரண்டு பேர் அதே சாக்கில் ஆளுக்கொன்றைச் சீவிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். காருக்குக் குறைவில்லாமல் இளநீர் அபிஷேகம் நடந்திருந்தது. இளஞ்செழியன் புளியமரத்தடியில் நின்றான். ஏர்பேக் வெடித்ததில் முகமெல்லாம் வெள்ளைப் பொடி. கண்ணாத்தாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். எங்கும் அடியில்லை என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடைக்காரி சாலம்மாள் ஒரு கையில் அரிவாளும் மறுகையில் நோட்டும் சில்லறையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“ஒருத்தர் ஐநூறு ரூவாய நீட்டுனாருங்க. அவரையும் கூட்டிக்கிட்டு எதுத்தாப்புல டீக்கடைக்கு மாத்தப் போனேன். மாத்திட்டுத் திரும்பறேன், கடையவே காணமுங்க!” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வாய்தான் சிரித்தது. கையிலிருந்த சில்லறையை அந்த ஆளிடம் கொடுக்கவும் மறந்திருந்தாள்.

காரின் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

“இது நீங்க உக்கார்றதுங்களா?” என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

“ஆமா சாமி. காத்தால இருந்து அதுலதான் உக்காந்திருந்தேன்.”

கண்ணாத்தாள் ஸ்டூலையும் சாலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் சரியான சில்லறை கொண்டுவந்திருந்தால் இந்த அம்மா இப்போது அந்தச் சக்கரத்தடியில் கிடந்திருப்பாள். தான் பெற்ற பிள்ளை கொலைகாரனாகியிருப்பான். அவள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உடு புள்ள. தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு” என்றார் முருகானந்தம்.

“ஆரோட தலைக்குங்க?” என்றாள் அவள். அவர் காதில் அது விழவில்லை. அங்கே ஏற்கெனவே போன் இருந்தது.

அவர் கூப்பிட்டது ரிக் டிரைவர் சின்னண்ணனை. பேசி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். “ஸ்டேசன்ல சின்னண்ணன்தான் ஓட்டுனான்னு சொல்லிக்கலாம். அவங்கிட்ட லைசென்சு இருக்குது. இந்தம்மாவுக்குப் புதுசாவே கடை போட்டுக் குடுத்தரலாம். வண்டி உன்ற பேர்ல கெடக்கறதுனால நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

அதைக் கேட்டதும் இளஞ்செழியன் முகம் தெளிந்தது. பொடியைத் துடைத்துக்கொண்டான். பையிலிருந்து போனை எடுத்து, காலையில் எடுத்த வீடியோ பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தான். கண்ணாத்தாள் அதைக் கண்டாள். விபத்தைக் கண்டபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. இவன் இதிலிருந்து சுளுவாக எழுந்து போய்விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாவி கேட்பான். தானும் எடுத்துக் கொடுப்பாள். அடுத்த ஸ்டூல் காலியாக இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

திருச்செங்கோட்டு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா இருந்தார். அவர்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சின்னண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பாவம், சலூன் நாற்காலியிலிருந்து நேரே எழுந்து வந்திருந்தான். வலது கன்னம் பளபளவென்றிருந்தது. இடது கன்னத்தில் ஒரு வாரத்துத் தாடி அப்படியே இருந்தது. காதோரம் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது.

“நாந்தானுங்க மேடம் ஓட்டுனது” என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

ரஞ்சிதா அவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “ஒரு பக்கந்தான் சவரம் ஆயிருக்குது?”

“அதுங்க மேடம்… இந்தப் பக்கம் ஊட்டுலயே பண்ணீட்டனுங்க. அந்தப் பக்கம் வந்துங்க…”

“போற வழியில கார்லயே பண்ணிக்கலாம்னு உட்டுட்டீங்களா?”

ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். அரைத் தாடியை மறைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“வண்டி ஓனர் ஆருங்க?” என்றார் ரஞ்சிதா.

“நாந்தானுங்க” என்று முருகானந்தம் முன்னால் வந்தார்.

“ஆர்.சி.ல கண்ணாத்தாள்னு இருக்குதே?”

“அது அவ ராசிக்காகப் போட்டதுங்க.”

“ராசிக்கு எப்படியோ, சட்டத்துக்கு அவங்கதானுங்க ஓனர்” என்றவர், தமக்கு எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினார். “நீங்க வந்து உக்காருங்கம்மா. ஆரு ஓட்டுனதுன்னு நீங்க சொல்லுங்க. அதத்தான் எழுதுவேன்.”

கண்ணாத்தாள் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. சின்னண்ணனைப் பார்த்தாள். ‘நான் பாத்துக்கறேனுங்க ஓனரம்மா’ என்பதுபோல அவன் அந்த அரைத் தாடியோடு தலையாட்டினான். மகனைப் பார்த்தாள். அவன் பெஞ்சில் குனிந்து கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“என்ற பையனுங்க ஓட்டுனது” என்றாள். “சாவி குடுத்தது நாங்க ரெண்டு பேருமுங்க. இவரு குடுக்காத அன்னைக்கு நான் குடுப்பேன்.”

“ஏ புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? உன்னையத்தான் தூக்கி உள்ள வெப்பாங்க!” என்று கத்தினார் முருகானந்தம்.

“கத்தாதீங்க. உங்க ஊட்டுக்காரர் சொல்றது நெசந்தானுங்கம்மா” என்றார் ரஞ்சிதா. “பதினெட்டு ஆகாதவன் கையில வண்டியக் குடுத்தா பெத்தவங்க மேலயும் ஓனர் மேலயுந்தான் கேசு. அபராதம் போக, மூணு வருசம் வரைக்கும் ஜெயிலுக்கும் எடமிருக்குது. கோர்ட்டு என்ன சொல்லுதோ அதான். வண்டிப் பதிவ ஒரு வருசத்துக்கு ரத்து பண்ணீருவாங்க. தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்சு கெடைக்காது.”

கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். “இருபத்தஞ்சுங்களா? அத ஒரு முப்பதாப் போட்டுக்க முடியாதுங்களா மேடம்?”

இந்தத் தடவை ரஞ்சிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னொண்ணுங்க. இந்த வண்டிய நான் வித்துப்போடறதுன்னா இவரு கையெழுத்து வேணுங்களா?”

“உங்க பேர்ல இருக்கற வண்டிக்கு உங்க கையெழுத்துப் போதுமுங்கம்மா.”

“அப்ப ரிக்குகளுக்கும் அப்படித்தானுங்களா?”

முருகானந்தம் பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்த ஜோசியரை மனதாரத் திட்டியிருப்பார்.

ஏட்டு பேனாவை எடுத்தார். கண்ணாத்தாள், கணவர் பேர் முருகானந்தம், என்று அவர் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தபோதுதான் இளஞ்செழியன் தலையைத் தூக்கினான். போன் மடியிலிருந்து கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“மேடம், எங்கம்மா பேர எழுதாதீங்க மேடம். நாந்தான் ஓட்டுனேன். வளைவுல ஒரு கையில போன் வெச்சிருந்தேன். அந்தக்கா கடைய நான் பாக்கவே இல்லீங்க. பாக்கவே இல்ல…” அதற்குமேல் பேச முடியாமல் ஓவென்று அழுதான். மூக்கைத் துடைத்துவிடக் கண்ணாத்தாளின் கை பரபரத்தது. அந்தக் கையை மறுகையால் பிடித்துக்கொண்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

“அப்ப நான் போயி மிச்சத்த வழிச்சுட்டு வந்தர்றனுங்க ஓனரம்மா” என்று சின்னண்ணன் நைஸாக நழுவினான்.

கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கார் போலீஸ் வசம் போனது. முருகானந்தம் யாரிடமும் பேசாமல் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். தாயும் மகனும் பிரைவேட் பஸ் ஏறினார்கள்.

நம் பிரைவேட் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? முன்னால் போகிற பஸ்ஸை முந்தாவிட்டால் டிரைவருக்குச் சோறு இறங்காது. பாட்டு அலற, ஹாரன் அலற, பஸ் பறந்தது. இளஞ்செழியன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“அம்மா, உன்னைய உள்ள வெச்சிருவாங்களா?”

“வெச்சா வெக்கட்டும். நானும் எத்தன வருசமா ஆக்கிக் கொட்டறேன்? உக்காந்து திங்கறேன். நீயும் உங்கொப்பனும் ஆக்கித் தின்னுங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் சொன்ன சொல்லுக்காக வருத்தமில்லை. அந்தப் பயத்தோடு சேர்த்தே நெஞ்சு லேசாகவும் இருந்தது.

வளைவு வந்தது. சாலம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, உடையாத காய்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் வேகத்தைக் குறைக்கிற வழியாக இல்லை.

“அண்ணா, மெதுவாப் போங்கண்ணா! ஓரத்துல ஆளு உக்காந்திருக்குது!” பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தியவன் இளஞ்செழியன். டிரைவர் என்னவோ ஏதோ என்று பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“அம்மா, இங்கயே எறங்கிக்கலாமா?” என்றான்.

இறங்கினார்கள். அவன் முன்னால் போய்ச் சாலம்மாள் எதிரே நின்றான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு இளநீரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாலம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

“வண்டி இல்லாமத்தான வந்திருக்கற?”

“ஆமாங்க்கா.”

“அப்பச் சரி. அந்த எளநிக் குலைய இங்க தூக்கியாந்து வெய்யி சாமி.”