ஒரு டஜனா, ரெண்டு டஜனா

இடது கன்னத்தை முடித்துவிட்டு அமலராணி ரேஸரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். நுரையோடு மிதந்த மயிரில் பாதி நரைத்திருந்தது.

"சீக்கிரம். எட்டரை முசிறி பஸ்," என்றார் இன்னாசிராஜ்.

"போகலாங்க. இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. அவளே தாடையைப் பிடித்துத் திருப்பினாள். விழி, நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டது, இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லி, நேற்றுத்தான் குதிரை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர் ஊராக ஓட்டல் சோறு தின்ற உடம்பு.

நினைவு வந்து வந்து போயிற்று. வரும்போதெல்லாம் கடைவீதியாகவே வந்தது. முசிறி, ஜீயபுரம், உறையூர், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி. சலவை சோப்புக் கம்பெனி அவருக்குப் பிரித்துக் கொடுத்திருந்த ஊர்கள். எந்தக் கடைக்காரருக்கு முட்டிவலி, யார் மகளுக்கு எப்போது கல்யாணம், ஒன்றும் தப்பவில்லை. அவளை மட்டும் மூன்று நாளாகத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தால், "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றார். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைத் தைலம் பூச வந்த சுவாமியார், "பாவங்களுக்காக மனஸ்தாபப்படுறியாப்பா?" என்று கேட்டதற்கு, "கம்பெனிக்கு எழுதிப் போடுறேங்க" என்றார். அவருடைய அக்காள் சகாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று அமலராணிக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை தன்னைத் தெரிந்துகொண்டு பேசிவிட்டுப் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். அதற்குமேல் அவள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

அவர் படித்த பி.காம். படிப்பில் விற்பனைக்கு என்றே தனியாகப் பாடம் இருந்ததாம். கல்யாணமான புதிதில், காவிரிப் பாலத்துக் காற்றில் நின்று அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "வேணுமான்னு கேக்கவே கூடாது ராணி. கேட்டா, வேணாம்னு சொல்ல நாமளே வழி விட்ட மாதிரி. ஒரு டஜனா ரெண்டு டஜனான்னு கேக்கணும். கேட்டதும் வாய மூடிக்கணும். மொதல்ல பேசுறவன் தோத்தான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீடு திரும்பிச் சோறு வடிக்கும்போதுதான் கை நின்றது. உறையூரில் பெண் பார்க்க வந்த அன்று, காப்பித் தட்டோடு நின்றவளை நேராகப் பார்த்து அவர் கேட்டிருந்தார்: "கல்யாணத்தத் தபசுக்கு முன்னாடி வச்சுக்கலாமா, பாஸ்கா கழிச்சா?" மாப்பிள்ளை பெண்ணிடமே கேட்கிறாரே, படித்தவர் படித்தவர்தான் என்று வீடே மலைத்தது. பிறகு அவர் பேசவில்லை. யாருமே பேசவில்லை. அந்த அமைதி தாங்காமல் அவள்தான், "பாஸ்கா கழிச்சு" என்றாள். தபசு நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது; கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டுமே என்றுதான் சொன்னாள்.

அதற்கப்புறம் சிவப்புச் சேலையா பச்சைச் சேலையா, உறையூருக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறாயா திங்கட்கிழமையா என்று பதினாறு வருஷம் போய்விட்டது. ஒருமுறை அவள் கேட்டேவிட்டாள். "என்னை வேணுமா வேணாமான்னு நீங்க கேக்கவே இல்லயே?"

அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே," என்று சிரித்தார். கடைக்காரர்களுக்குச் சிரிக்கும் அதே சிரிப்பு. பிரஷ் மட்டும் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அவள் எத்தனையோ மத்தியானங்களில் யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் வேணும் என்று வரும். ஒரு நாள் வேணாம் என்று வரும். அவர் கேட்டால்தான் பதில் எது என்று அவளுக்கே தெரியும் போலிருந்தது.

ஒன்பது மணிக்குப் பெரிய கடைவீதிக் கடைக்காரர் அப்துல் மாலிக் இளநீரோடு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்காரு தங்கச்சி?"

"அப்படியேதாங்க."

"இவரு வந்து நின்னா நான் வேணாம்னு சொன்னதே கெடயாது. கேட்டாத்தானே சொல்றதுக்கு?" மாலிக் சிரிக்கப் பார்த்தார். "மூணு பெட்டி சோப்பு இன்னும் பின்கட்டுல கெடக்கு. என் வீட்டுல திட்டுவாங்க. ஆனா மாசாமாசம் இவரு வர்ற நாளுக்குக் காத்துக்கிட்டுதான் இருப்பேன். என் உம்மாவோட கண் ஆபரேஷன் தேதிய என் தம்பி மறந்தான். இவரு மறக்கல."

அமலராணி இளநீரை டம்ளரில் ஊற்றினாள். அவளுடைய அப்பாவின் நினைவு நாள் ஒருமுறைகூட அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை.

"எம் மவன் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சப்போ கேட்டேன். பி.காம். சேக்கலாமா, என்ன வேலைக்கெல்லாம் போகலாம்னு. பேங்க் இருக்கு, ஆடிட்டர் ஆபீஸ் இருக்கு, கம்பெனிச் சரக்கோட ஊர் ஊராப் போற லைன் இருக்குன்னு அடுக்குனாரு. அப்புறம் பையத் தூக்கிக்கிட்டுப் படி எறங்குனவரு திரும்பி வந்தாரு. 'சேருங்க பாய். ஆனா லைனுக்கு மட்டும் வேணாம். எல்லார் வாசலுக்கும் போகலாம், உள்ள யாரும் கூப்பிட மாட்டாங்க'ன்னாரு. வேணாம்ங்கிற வார்த்தைய அவரு வாயில அன்னிக்குத்தான் கேட்டேன்."

மெட்ராஸ் ஆபீசில் சேல்ஸ் மேனேஜர் வேலைக்கு இன்னாசிராஜ் மூன்று முறை மனுப் போட்டார். லைனில் அவரளவுக்கு ஆள் கிடையாது என்று மூன்று முறையும் பாராட்டி, லைனிலேயே விட்டுவைத்தார்கள். மூன்றாவது கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாதமா சப்பாத்தியா என்று அவர் கேட்டதை அவள் இப்போது நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் சப்பாத்தி மாவே இல்லை.

டம்ளரோடு அவள் கட்டிலருகே வந்தபோது இன்னாசிராஜ் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவள் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம் முதலாளி," என்றார்.

சகாயம்மாள் குனிந்து, "தம்பி, ராணிப்பா. ஒன் பொண்டாட்டி," என்றாள்.

அவர் பணிவாகச் சிரித்தார். "வீட்டம்மாவுக்கு எப்படிங்க இருக்கு? மழைக் காலம் வந்தா முட்டி பிடிச்சுக்குமே."

"என்னங்க, நான் ராணிங்க," என்றாள் அமலராணி. "இங்க பாருங்க. நம்ம வீடுங்க இது."

"இந்தத் தடவை புதுச் சரக்கு முதலாளி. நல்லா நுரைக்கும்." கை போர்வைமேல் பையைத் தேடியது. "ஒரு டஜன் போடவா, ரெண்டு டஜன் போடவா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மஞ்சள் பூத்த கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்து போயிற்று. வெளியே ஈயம் பூசுகிறவன் கூவிக்கொண்டு போனான்.

மாலிக் மெல்லச் சொன்னார்: "சொல்லிருங்க தங்கச்சி. பாவம், நிக்கிறாரு."

அவர் படுத்திருந்தார். ஆனாலும் நிற்பது போலத்தான் இருந்தது. வெயிலில், பையோடு, யாரோ ஒருவருடைய வாசலில். என்னைத் தெரிகிறதா என்று இன்னொரு முறை கேட்க அவளுக்கு வாய் வந்தது. அதற்கு அவர் என்ன சொல்வார் என்றும் தெரிந்திருந்தது.

"ரெண்டு," என்றாள்.

அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் போர்வையில் எதையோ எழுதி, கீழே கோடு இழுத்தது. "அடுத்த மாசம் எட்டாந்தேதி வரேன் முதலாளி," என்றார். நன்றாக, தெளிவாகச் சொன்னார்.

பதினோரு மணிக்கு மூச்சு நின்றது. கண்ணை மூடிவிட்டது சகாயம்மாள்தான். அமலராணி டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தாள். ரேஸரையும் கழுவினாள். சவரம் செய்த முகம் பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்ட முகமாக இருந்தது. கோயிலில் துக்க மணி அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சகாயம்மாள் ஜெபமாலை தொடங்கினாள்.

இரண்டு மணிக்குச் சவப்பெட்டி செய்கிற அருள்நாதன் அளவெடுக்க வந்தார். நூலைத் தலையிலிருந்து கால்வரை பிடித்து முடிச்சுப் போட்டார். தோளுக்கு இன்னொரு முடிச்சு. எழுந்து, வாசல்நிலைக்கருகே நின்ற அமலராணியிடம் வந்தார். துக்க வீட்டுக்கு ஏற்றபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூடி மேல சிலுவை பித்தளையில வச்சிரவாங்க, மரத்துலயே வச்சிரவா?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அமலராணி பேசவில்லை. அவரும் பேசவில்லை. உள்ளே ஜெபமாலையில் விரல்கள் அடுத்த மணிக்கு நகர்ந்தன. வாசற்படியில், நேற்று ராத்திரி அவள் பாலிஷ் போட்டு வைத்த ஷூ தெருவைப் பார்த்தபடி இருந்தது.