நகம் மாட்டும் கீறல்

"நகம் மாட்டுதும்மா" என்றார் கலியபெருமாள். கார்க் கதவில் ஓடிய கீறலின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "நகம் மாட்டலன்னா பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேச்சாலே போயிடும்னு போன்ல பாத்த வீடியோவுல சொன்னான் இல்ல? இது மாட்டுது. பெயிண்டு வெச்சிதான் ஆவணும்."

ஷாம்பு கரைத்த வாளியை மகள் வளர்மதி அவர் பக்கத்தில் வைத்தாள். கீறல் பின்கதவில் தொடங்கி முன்கதவின் கைப்பிடி வரை இரண்டு முழத்துக்கு ஓடியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் அடித்தகடே வெள்ளையாகத் தெரிந்தது.

வண்டி அவள் புருஷன் ரஞ்சித்துடையது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. நேற்று சாயங்காலம் தாம்பரத்திலிருந்து அதில்தான் செஞ்சிக்கு வந்தார்கள். இன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் வண்டியை நிறுத்தினால் எவனாவது கீறிவிட்டுப் போவான் என்று சொல்லி, ரஞ்சித் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு காலையிலேயே ஸ்பெஷல் பஸ் ஏறிவிட்டான். வண்டி மாமனார் வீட்டுவாசலில் பத்திரமாக இருக்கட்டும் என்றான். சாவியை ஆணியில் மாட்டினான். "யாரும் தொடாதீங்க" என்று பொதுவாகச் சொல்வதுபோல வளர்மதியைப் பார்த்துச் சொன்னான்.

எட்டரை மணிக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருவுக்குள் வந்தது. கார் நின்றதில் அதற்கு வழி இல்லை. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். வளர்மதியிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. ஏழு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனாலும் சாவியை எடுத்தாள். வாசலுக்குள் ஏற்றும்போது கேட்டின் கொண்டி கதவோரம் கிழித்துக்கொண்டு வந்த சத்தம், அவள் பல்லுக்குள் கேட்டது.

"அவரு வந்ததும் நானே சொல்லிட்றேன் நைனா."

"நீ ஒண்ணும் சொல்லாத. டிராக்டரு வந்துச்சு, வண்டிய உள்ள தள்ள சொன்னேன், நான் கேட்ட வேகமா தொறந்தேன், கொண்டி இடிச்சிட்டுது. அவ்ளோதான்." வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தார். "வண்டிய தள்னது டிராக்டருகாரன். என்னைய இன்னா பண்ணிடுவாரு? மாமனார அடிப்பாரா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு பொங்கலுக்கு முன்னால் கன்னம் வீங்கி வந்த வளர்மதி, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். அன்றைக்கும் அவர் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டுக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்திருந்தார். வாட்டர் பேப்பர், ஒட்டும் டேப், காம்பவுண்டு டப்பா, நகப்பாலிஷ் பாட்டில் அளவுக்கு ஒரு பெயிண்ட். கதவோரத்தில் கலர் நம்பர் ஒட்டியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து போனால் நேரமாகிவிடும் என்று போனில் இருந்த படத்தைக் காட்டி வாங்கிக்கொண்டார்.

கீறலின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை இழுத்தார். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது வைக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். காயும்வரை காரின் ஓரமாகக் குந்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் மெல்ல விலகி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெயில் அவர் முதுகுமேல் ஏறியது. செஞ்சி வெயில். எதிரே கோட்டை மலையின் பாறைகள் அதைத் திருப்பி ஊருக்குள்ளேயே அடித்தன.

"மணி ரெண்டாவுது. மாத்தர போடணும். ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்று அவள் அம்மா ஆண்டாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"வந்துட்றேன்."

உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான்.

டேப்பை உரித்தபோது இருவருக்கும் தெரிந்துவிட்டது. வண்டி கருத்த சாம்பல். வைத்த பெயிண்டோ பளபளக்கிற வெள்ளி. கதவின் குறுக்கே நத்தை ஊர்ந்து போன தடம்போல அது மின்னியது.

"கொஞ்சம் காஞ்சா மங்கிடும்" என்றார்.

மூன்றரைக்கு ஆட்டோவில் ரஞ்சித்தும் அவன் அம்மாவும் வந்து இறங்கினார்கள். நெற்றி நிறைய குங்குமம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அவன் பார்த்துவிட்டான்.

"யார் தொட்டது?"

"நான்தான் மாப்ள. கேட்ட தொறக்கறப்ப கொண்டி…"

"இடிச்சீங்க, சரி. இத யாரு மாமா பண்ண சொன்னது? மாட்டுக் கொட்டாய்க்கு சுண்ணாம்பு அடிச்சாப்ல அடிச்சி வெச்சிருக்கீங்க. ஆயுசுக்கும் டிவிஎஸ்ஸுக்கு மேல ஓட்டினதில்ல, காருன்னா இன்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கலியபெருமாள் துடைக்கிற துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பிள்ளையைப் போல. வளர்மதியின் வாய் திறந்தது. அவர் கண்ணைமட்டும் அசைத்தார். வேண்டாம். வாய் மூடிக்கொண்டது. அது அவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டதைப் பிறகு அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

"தப்புதான் மாப்ள. வண்டிக்கு ஏதோ ஒரு நேரம்…"

"பேசாதீங்க. அந்த சாணிய மொதல்ல வழிச்சி எடுங்க. அப்பறம் நான் ஷெட்டுல உட்டுக்கறேன்."

"உட்றா, வயசானவரு" என்று அவன் அம்மா சொன்னபடியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ரஞ்சித் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அமாவாசைச் சாப்பாடு. வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். வளர்மதி பரிமாறினாள். வெளியே துணி தகட்டில் உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரசம் ஊற்றும்போது அது நின்றது. வாளி உருண்டது. அவள் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள்.

ஷாம்பு தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது.

"வண்டிய எடுங்க!" என்று கத்தினாள். ரஞ்சித் எச்சில் கையோடு ஓடிவந்தான். அவனும் பதறித்தான் போனான், பொய் சொல்லக் கூடாது. பின்கதவைத் திறந்தான். பிறகு மாமனாரின் நனைந்த வேட்டியைப் பார்த்தான். "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போய் ஒரு பழைய போர்வையைத் தேடி எடுத்து வந்து, சீட்டின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். வரும்போதே உயிர் இல்லை என்றார்.

மறுநாள் காலையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் கலியபெருமாள் நெற்றியில் ஒரு ரூபாயோடு படுத்திருந்தார். கார் இரண்டு தெரு தள்ளி, பறையடிக்கிறவர்களும் பிள்ளைகளும் வராத இடமாகப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது.

வளர்மதி தண்ணீர் எடுக்கப் பந்தலோரமாகப் போனபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரஞ்சித் பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"நான் ஒரு வார்த்த சொல்லல. வெய்யில்ல ஏன் மாமா இந்த வேலைன்னுதான் கேட்டேன். அவருக்கு என் வண்டின்னா அவ்ளோ ஆச. தன் கையாலயே சரிபண்ணணும்னு நின்னாரு."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மனுஷன் என்றார் ஒருவர். மாப்பிள்ளைமேல் உசுரையே வெச்சிருந்தார் என்றார் இன்னொருவர்.

வளர்மதி குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஆண்டாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். வளர்மதி அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மா, கொண்டி தானா இடிக்கல. வண்டிய எடுத்தது நான்."

"தெரியும்."

வளர்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடிக்க வந்தப்ப சொன்னாரு. புள்ளைய ஒரு வார்த்த கேக்காதன்னாரு. கேக்கல."

"இப்ப போய் எல்லாரு முன்னாடியும் சொல்லிட்றேம்மா. அவருகிட்டயே சொல்லிட்றேன்."

ஆண்டாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "எதுக்கு? இவரு எழுந்து ஒக்காருவாரா? கையில துணிய வெச்சிகினு தெருவே பாக்க நின்னாரே, அப்ப பேசியிருக்கணும். இப்ப பேசறது ஒனக்காவ. இவருக்காவ இல்ல." பிறகு பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். "உன் குடும்பம் நல்லா இருக்கணும்னு போயிட்டாரு. நீ போயி நல்லா இரு."

அதற்கு மேல் அவள் மகள் பக்கம் திரும்பவில்லை.

பவுனம்மாள் தூக்கு நிறைய காபி கொண்டுவந்து வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அவள் வீட்டில் போட்டது. வளர்மதி டம்ளர்களில் ஊற்றினாள். "மாப்ளைக்கு மொதல்ல குடு" என்றாள் ஆண்டாள், யாரையும் பார்க்காமல்.

வளர்மதி கொண்டுபோய்க் கொடுத்தாள். ரஞ்சித் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினான்.

"சர்க்கர பத்தல."

அவள் வாங்கிக்கொண்டாள். வெளியே பறைக்குச் சூடு காட்ட வைக்கோல் கொளுத்தினார்கள். சமையல்கட்டு இருட்டாக இருந்தது. தடவிப்பார்த்துச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். நேற்று பாயசத்துக்குத் திறந்தவர்கள் சரியாக மூடவில்லை. உள்ளே எறும்பு மொய்த்திருந்தது. ஒரு கரண்டி அள்ளினாள். ஊதாமல் அப்படியே போட்டாள். நுரையின்மேல் கறுப்பு எதுவும் தெரியாமல் போகும்வரை நன்றாகக் கலக்கினாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.