கறிக்கடைக்கு லீவு

கொல்லைப்புறத்தில் கொழுந்தன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சாணைக்கல்லில் இரும்பு உரசுவது எனக்குப் பழகிப்போன சத்தம். அது கேட்காவிட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. ஆனாலும் அன்று காலையில் அதைக் கேட்டபோது பல் கூசியது. ஏன் என்று யோசிக்க விடாமல் பின்கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றைக்குக் கறிக்கடைக்கு லீவு. கை ஓங்காமலேயே நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தலைவரின் பிறந்தநாள். ஓர் உயிரையும் வெட்டக்கூடாது என்று அரசாங்க உத்தரவு, மீறினால் கடைக்குச் சீல். அதற்காக ஊர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? மற்ற நாளில் எலும்பு அதிகம், கொழுப்பு அதிகம் என்று நொட்டை சொல்லுகிற மகராசிகளுக்குக்கூட அன்றைக்குத்தான் நாக்கு கறி கேட்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வெட்டி, கூறு போட்டு, ஃபிரிட்ஜில் அடைத்துவிடுவோம். முன்பக்கம் ஷட்டர் இறங்கியிருக்கும். பின்கதவில் வந்து "அரை கிலோ சுரைக்காய்" என்பார்கள். சுரைக்காய் என்றால் கறி. தொடைச் சுரைக்காய், நெஞ்சுச் சுரைக்காய், ஈரல் சுரைக்காய். போன வருடம் இந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் நிஜமாகவே சுரைக்காய் வாங்க வந்து, வீட்டில் போய்ப் பையைத் திறந்து பார்த்து அலறினாள்.

கடை கொழுந்தனுடையது. நான் குடல் கழுவுகிறவள். என் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை பிடிக்க மாட்டார்கள், அத்தனை முரடு. என் வாயும் அப்படித்தான் என்பார்கள். என் வீட்டுக்காரர் இதே கடையில், வெட்டுக் கட்டைக்குப் பக்கத்தில்தான் செத்தார். வெட்டியவன் என் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேருக்கும் பகையும் இல்லை, பங்குச் சண்டையும் இல்லை. ஒரு நாள் கடையில் கூட்டம் நிற்கும்போது இவர், "உன் கைக்கெல்லாம் எதுக்குடா கத்தி, போய்க் குடலைக் கழுவு" என்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கையில் கத்தி இருந்தது. அவ்வளவுதான். என் பையனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தவன், தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை.

இப்போது அவன்தான் கடையில் கை. சித்தப்பனுக்கு வலது கை. ஆட்டை உரித்துத் தொங்கவிட்டால் தோலில் ஒரு கீறல் இருக்காது. அன்று காலையில் நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கடா?"

"சும்மா. சித்தப்பாகூட."

"லீவு நாள்ல என்ன சும்மா? பின்கதவை யாரு பாக்கறது?"

"நீ பாரும்மா. சுரைக்காய் ஒண்ணு வருது, போய்ட்டு வந்துடறோம்."

கொழுந்தன் சாக்குப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வர்றோம் அண்ணி" என்றான். வண்டி கிளம்பிப் போய்விட்டது. டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுத்துக் குடித்தேன்.

அடுத்து வந்தது ஜெயில் வார்டரின் சம்சாரம். வாரம் தவறாமல் ஈரல் வாங்குகிறவள், வெள்ளை மனசு, வாயில் எதுவும் தங்காது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "என்ன, நீங்க போகலையா?" என்றாள்.

"எங்க?"

"உங்க தம்பியை இன்னைக்கு விடறாங்கள்ல. தலைவர் பொறந்தநாளுக்கு நன்னடத்தையில விடறாங்களே, அதுல அவர் பேரும் வந்திருக்குன்னு எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே கடையில சொன்னாராமே. உங்க கொழுந்தனாருக்குக்கூட ரொம்ப சந்தோஷமாம், எத்தனை மணிக்கு விடுவாங்க, எந்த வாசல்னு விசாரிச்சாராம்."

நன்னடத்தையாம். போன மாதம்கூட நான் கேட்டபோது கொழுந்தன், "அவனுக்கு இன்னும் வருஷக்கணக்கா இருக்கு அண்ணி" என்றான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நிறைந்து கிடந்தது. கறி நேற்றே வெட்டியாகிவிட்டது. லீவு நாளில் எங்கள் கடைக்கு ஆடு வராது, வந்த வழக்கமே இல்லை. அப்படியானால் விடியற்காலையில் அத்தனை நேரம் தீட்டிய கத்தி யாருக்கு? இவ்வளவு வருடம் குடல் கழுவியும் எனக்கு இது உறைக்கவில்லையே என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். பின்கதவைச் சாத்தாமலேயே தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறித்தேன்.

வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே போனேன். சாகட்டும். அவன் செத்தால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. என் தாலியை அறுத்தவன். என் இடுப்பில் தூக்கி வளர்த்த நாய், என் சோற்றைத் தின்ற நாய். அவன் கழுத்தை நானே அறுத்துப் போட்டிருப்பேன், எத்தனையோ தடவை குடலை அலசும்போது அப்படி நினைத்திருக்கிறேன். ஆனால் என் பையன் கையால் வேண்டாம். அவன் உள்ளே போனால் அப்புறம் நான் யாருக்காகக் குடல் கழுவ? எனக்கு அவன் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

ஜெயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தலைவர் படத்துக்கு மாலை. ஒலிபெருக்கியில் ஒருவர், பகைவனையும் நேசிக்க வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் கொழுந்தன் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் பையன். சாக்குப் பை இப்போது அவன் கையில் இருந்தது. பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது, உள்ளே பிடி எந்தப் பக்கம், முனை எந்தப் பக்கம் என்று. நான் கூப்பிட்டால் வரமாட்டான். காலில் விழுந்தாலும், "தள்ளும்மா" என்பான். அவன் அப்பா பிடிவாதம்.

பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. வரிசையாக வந்தார்கள். கடைசிக்கு முந்தினவன் என் தம்பி. முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, எங்கள் அப்பா சாகக் கிடந்தபோது இருந்த மாதிரி இருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கத்தில் பையன் மரத்தடியை விட்டு ரோட்டில் இறங்கினான்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

முதல் அடி தம்பி கன்னத்தில் விழுந்தது. "அக்கா" என்றான். இரண்டாவது வாயில். யாராவது போலீஸ்காரர் ஓடிவந்து எங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக அதற்காகத்தான். ஆனால் மூன்றாவது அடியில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. செருப்பு எங்கோ போய்விட, கையால் அடித்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, நெஞ்சில் முட்டியை வைத்து, முகத்திலேயே அடித்தேன். மூக்கு உடைந்தது எனக்கே கேட்டது. "ஒரு வார்த்தைடா. ஒரே ஒரு வார்த்தைக்காகடா" என்று கத்திக்கொண்டே அடித்தேன். அவன் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு பக்கமும் கையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தான், அது எனக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். நாலைந்து காவலர்கள் என்னைத் தூக்கினார்கள்; நான் அவன் சட்டையை விடவில்லை. பிரிக்க முடியாமல் இரண்டு பேரையும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு சின்னக் கதவுக்குள் தள்ளினார்கள்.

உள்ளே ஒரு சிறிய அறை, ஒரு பெஞ்சு. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, சட்டையில் குத்தியிருந்த பூவைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"தெரியும் சார். கறிக்கடைக்கு லீவு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். காவலர் ஒருவர் தம்பிக்கு ஈரத்துணி கொடுத்தார். அவன் அதை மூக்கில் வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தான்.

"ஒரு கால்ல செருப்பு இல்லக்கா."

"வாயை மூடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியே என் பையன் நிக்கறான்" என்றேன்.

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். "கத்தியோடயா?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அதுக்குத்தான் அடிச்சியா?"

"பாதி அதுக்கு. பாதி உனக்கு."

அதிகாரி பேனாவைத் தட்டினார். "குடும்பச் சண்டையா? விழா நேரத்துல எனக்கு இது வேண்டாம். யோவ், இந்த அம்மா மேல புகார் தர்றியா? தந்தா ஸ்டேஷனுக்குச் சொல்லி ஜீப் வரவழைக்கணும், ரெண்டு பேரும் அதுல போவீங்க. இல்லேன்னா இப்படியே ரெண்டு பேரும் வெளியே போங்க."

"கொடுடா" என்றேன். "அக்கா அடிச்சாள்னு சொல்லு. கொல்ல வந்தாள்னு சொல்லு."

"உன் மேலயாக்கா?"

"அன்னைக்குக் கோர்ட்ல நான் உன் மேல சொல்லலையா? கூண்டுல ஏறி, ஆமா, என் தம்பிதான் வெட்டினான்னு சொல்லலையா? அதே மாதிரி சொல்லுடா. உன் காலைப் பிடிக்கிறேன், சொல்லித் தொலை."

அந்தச் சமயத்தில் யாரோ மாலைக் கூடையோடு வர, காவலர் சின்னக் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. ரோட்டுக்கு நடுவில் என் பையன் தனியாக நின்றிருந்தான். வண்டியும் கொழுந்தனும் மரத்தடியில் இல்லை. போலீஸைப் பார்த்ததும் சித்தப்பன் பறந்துவிட்டான் போலிருக்கிறது. பையன் போகவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்து அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் வலது கை சாக்குப் பைக்குள் இருந்தது.

தம்பி ஈரத்துணியை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவனையே பார்த்தான்.

"அத்தான் மாதிரியே நிக்கறான்க்கா" என்றான்.

"என்னய்யா, புகார் உண்டா இல்லையா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க சார். நான் போறேன்" என்று அவன் எழுந்தான்.

நான் அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தேன். அவன் கதவைப் பார்த்து நடந்தான். பெஞ்சிலிருந்து சறுக்கி விழுந்து, தரையில் முட்டி தேயத் தேய அவன் பின்னாலேயே இழுபட்டேன். அவன் முதுகில் துணி கிழியத் தொடங்கியது.