தடித்த பேனாவின் ஐந்து மீட்டர்

தையல்கார அக்கா அலுவலகத்துக்குள் நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன.

"ஏண்டி படக்காரி, சேதி கேட்டியா? ஒன்பது ஓட்டுல மண்ணைக் கவ்விட்டான் உன் தம்பி!"

ஊர் படக்காரி என்று கூப்பிடுவது திட்ட அலுவலகத்தில் முப்பது வருடமாக வரைபடம் போடுகிறவளை. தோற்றவன் அவளுடைய சித்தி மகன், திட்டக் குழு உறுப்பினர். ஊருக்குக் கிழக்கே பள்ளத்து வயலில் முந்நூறு வீடு வரப்போகிறது. அதற்கு ஒரு ரோடு வேண்டும். அந்த ரோடு யார் வீட்டை இடிக்கும் என்பதுதான் இந்தத் தேர்தலின் ஒரே பேச்சாக இருந்தது.

"உங்களுக்குச் சந்தோஷந்தானேக்கா?"

"பின்னே? அவன் மாமியார் வீட்டு மதிலைக் காப்பாத்திக்கிட்டு, எதிர்ல இருக்கிற என் முன்னறையை ரோட்டுக்குத் தூக்கிக் குடுத்தானே! வீடு வீடா ஏறி இறங்கினேன்டி. எங்க வரிசையில ஒரு ஓட்டுகூட அவனுக்கு விழல."

படக்காரி குனிந்து காகிதங்களைப் பொறுக்கினாள். நிமிர மனம் வரவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த ரோட்டைப் படத்தில் வரைந்தபோது வடக்கு ஓரத்தை மெல்லிய பேனாவால்தான் போட்டாள். தெற்கு ஓரத்துக்கு வரும்போது மை அடைத்துக்கொண்டது. தட்டிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், வரவில்லை. சரி, நாளைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று தடித்த பேனாவை எடுத்தாள். மறுநாள் அவள் வருவதற்குள் அந்தப் படத்தை நகலெடுத்து வாசல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கோட்டின் வெளி விளிம்பிலிருந்து அளப்பதுதான் அலுவலக வழக்கம். தடித்த கோட்டால் படத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடியது; தரையில் அது ஐந்து மீட்டர். அந்த ஐந்து மீட்டருக்குள்தான் அக்காவின் முன்னறை இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தம்பி வந்து இதே மேசையருகே நின்றான்.

"அக்கா, கூட்டத்துல நாங்க ஒத்துக்கிட்டது எட்டு மீட்டர் ரோடு. படத்துல பதிமூணு வருது. ஊரே என்னைத் திருடன்னு சொல்லுது. நீ சரியாத்தானே போட்டே?"

"குடுத்த அளவுக்குத்தான் போட்டேன்."

கூட்டக் குறிப்பிலோ 'இணைத்துள்ள படத்தின்படி' என்று மட்டும்தான் இருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "அப்ப நான்தான் கூட்டத்துல தப்பாக் கேட்டுட்டேன் போல."

ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் பாட்டுக்கு நம்பிவிட்டுப் போனான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஜெயிச்சவர்கிட்ட நேராப் போனேன். 'இன்னிக்கு அஞ்சு மணியோட ஆட்சேபணைக் கெடு முடியுதும்மா, அப்புறம் படம் என்ன சொல்லுதோ அதான். நான் பதவியேத்துக்கவே இன்னும் பதினஞ்சு நாளாகும்'னு கையை விரிச்சிட்டாரு. இதுக்கா அந்த ஆளுக்கு ஓட்டுக் கேட்டேன்? ரெண்டு மிஷினும் அந்த அறையிலதான்டி இருக்கு. ஊசியில நூல் கோக்க எனக்கிருக்கிற வெளிச்சமே அந்த ஒரு ஜன்னல்தான். ஏதாவது வழியிருந்தா சொல்லேன்."

மணி நாலே கால்.

வழி இருந்தது. முப்பது நாளாக இழுப்பறையில் கிடந்தது. திருத்தச் சீட்டு. படம் போட்டவர்தான் அதை எழுத வேண்டும். படக்காரி ஒன்றை உருவி எடுத்தாள். 'பிழையின் காரணம்' என்ற கட்டத்தில் 'நகல் எடுத்தபோது' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் எதிர்த்துப் பேச அதற்கு வாயா இருக்கிறது? அறை பிழைக்கும், தன் பெயரும் பிழைக்கும்.

"அப்படின்னா உன் தம்பி பண்ணலையா?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'வரைந்தவள் தடித்த பேனாவைப் பயன்படுத்தியதால். இதில் உறுப்பினருக்குப் பங்கில்லை.'

அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"ஒட்டின அன்னிக்கே."

"வேலை போயிடும்னு பயந்தியா?"

"இல்லக்கா. முப்பது வருஷமா ஒரு கோடு தப்பாப் போட்டதில்லைன்னு பேரு. அது போயிடுமேன்னு..."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. சீட்டில் அதிகாரி முத்திரை குத்தியபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. படியிறங்கும்போது அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் அறைக்கு ஒரு சீட்டு எழுதிட்டே. நான் அவனை வீடு வீடாப் போய்த் திருடன்னு சொன்னதுக்கு எந்தச் சீட்டுடி எழுதறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நட, அவன் வீட்டுக்கு. முதல்ல நீ சொல்லு. அப்புறம் என் பங்கை நான் சொல்றேன்."

தம்பி வாசலில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தன் தேர்தல் நோட்டீசை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்துக்கொண்டிருந்தான். தையல்கார அக்காவைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் படக்காரியைப் பார்த்துச் சிரித்தான்.

"வா அக்கா. தோத்துட்டேன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வராதே. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. கடைசிக் கூட்டத்துல ஒருத்தன், படமே தப்புன்னு கத்தினான். எங்க அக்கா கோடு தப்பாதுடான்னு மைக்கிலயே சொன்னேன். உன்மேல ஒரு சொல் விழ விடல."

படக்காரி திருத்தச் சீட்டின் நகலை நீட்டினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இன்னும் சிரித்தபடியே அவன் அதை வாங்கிப் பிரித்தான்.