பதினேழாம் போர்ட்டின் மௌனம்

அந்த மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவளை வார்டுகளில் ‘ஒயரம்மா’ என்பார்கள். அவளுடைய மேலாளருக்குப் பட்டப்பெயர் ‘கத்திரி’. சும்மா கிடக்கும் கேபிளைக் கண்டால் அவருக்குக் கை ஊறும்.

புது இணைப்புகளுக்கு இடம் வேண்டும், கேபிள் சொருகும் போர்ட்டுகளில் உபயோகம் இல்லாதவற்றைப் பட்டியல் போட்டுக் கொடு என்று அவர் கேட்டிருந்தார். மூன்று நாள் பார்த்து, பன்னிரண்டு போர்ட்டுகளுக்கு டிக் அடித்துக் கொடுத்தாள். இன்று காலை பத்து மணிக்கு அவர் பட்டியலோடு கேபிள் பிடுங்கக் கிளம்பிவிட்டார்.

பதினொன்றுக்கு அவள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். “மாதிரியில் எதுவும் சிக்கவில்லை, எனவே...” என்று எழுதியதும் கை நின்றது.

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி வழியாக நொடிக்கு லட்சக்கணக்கில் தரவுப் பாக்கெட்டுகள் ஓடுகின்றன. அத்தனைக்கும் நகல் எடுக்க முடியாது. அதனால் இரண்டாயிரத்துக்கு ஒன்றைக் கண்ணை மூடிப் பொறுக்கி எடுத்து, அதை இரண்டாயிரத்தால் பெருக்கிக்கொள்வார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை நன்றாக வெந்ததா என்று அது சொல்லும். உள்ளே ஒரே ஒரு கல் கிடந்தால் சொல்லாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் மட்டும் அனுப்பும் கருவி இருந்தால்? மூன்று நாளில் எண்ணூற்று அறுபத்து நாலு. இரண்டாயிரத்தில் ஒன்றைப் பொறுக்கும் கையில் அது சிக்காமலே போகத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்விட்சுக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒன்றுவிடாமல் எண்ணும் கணக்கு தனியாக உண்டு. பட்டியலில் முதலில் இருந்த பதினேழாம் போர்ட்டுக்கு அதைத் திறந்தாள். மூன்று நாளில் எண்ணூற்றுச் சொச்சம். பத்து ஐந்துக்கு இணைப்பு அறுந்திருந்தது. பழைய நோட்டைப் புரட்டினாள்: ரத்த வங்கி, குளிர்பெட்டி வெப்பமானி.

கத்திரியைக் கூப்பிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. இரண்டு மாடி இறங்கி ஓடினாள்.

ரத்த வங்கிக்கு வெளியே இருந்த ஸ்விட்ச் அலமாரியில் கேபிள் தொங்கியது. சொருகிவிட்டு உள்ளே போனாள். ரத்த வங்கி அக்கா நிதானமாகத் திரையைக் காட்டினாள்.

“நாலு டிகிரின்னு பச்சையாத்தானே இருக்கு?”

“அது பத்து மணிக்கு இருந்த நாலு, அக்கா. இப்போ எவ்வளவுன்னு அதுக்கே தெரியாது.”

பெட்டியின் கதவில் இருந்த வெப்பமானி முள் போன மாதமே செத்துவிட்டதாம். ஆறு டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் அத்தனை ரத்தப் பையும் குப்பைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே அக்கா கதவை இடுப்பால் அழுத்திப் பார்த்தாள். இருவரும் திரையையே வெறித்தார்கள். ஐந்து நிமிடம் ஐந்து யுகமாக நகர்ந்தது. பாதியில் கத்திரியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

எண் ஒருமுறை மின்னியது. நாலு புள்ளி மூன்று.

“தலை தப்பிச்சுது,” என்று கத்திரி சிரித்தார். “ஒரு கேபிளுக்கா இந்த ஓட்டம்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “மீதி பதினொண்ணையும் இதே மாதிரிதான் சார் முடிவு பண்ணேன்.”

அவர் சட்டைப்பையில் இருந்து பட்டியலை எடுத்து விரித்தார். பன்னிரண்டு வரியிலும் அவளுடைய அதே சின்ன டிக்.

“எல்லாத்தையும் பிடுங்கியாச்சு. எதெதுல என்ன இருக்கு?”

“தெரியல சார், நோட்ல எல்லாம் இல்ல. சொருகிட்டுத்தான் பாக்கணும்.”

அவர் தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். அவள் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினாள்.